சம்பளத்துல ஏற்கெனவே பிடிச்சாச்சு, அப்புறம் எதுக்கு 1,999 ரூபாய் பேக்கேஜ்? ஆம்பூர் - வேலூர் பக்கத்து ரத்தப் பரிசோதனைக் கணக்கு



காட்பாடி ஸ்டேஷன்ல காலையில இறங்கினீங்கன்னா ஒரு காட்சி பாக்கலாம். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம்னு எங்கெங்கிருந்தோ ரயில் ஏறி வந்தவங்க, பெரிய பிளாஸ்டிக் கவர்ல பழைய ரிப்போர்ட், எக்ஸ்ரே எல்லாம் வெச்சுக்கிட்டு ஆட்டோவுக்கு நிப்பாங்க. 1900-ல ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச சிஎம்சி ஆஸ்பத்திரிக்குத்தான் எல்லாரும் போறாங்க. அதைச் சுத்தி இருக்கிற லாட்ஜ், மெஸ் போர்டுங்கள்ல வங்காள எழுத்து இருக்கும். 1,500 கிலோமீட்டருக்கு மேல பயணம் பண்ணி வைத்தியம் பாக்க வர்றாங்க.

அங்கிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போற ஒரு அக்காகிட்ட "கடைசியா எப்பக்கா சுகர் பாத்தீங்க?"ன்னு கேட்டேன். "சின்னவன் வயித்துல இருந்தப்ப பாத்தாங்க"ன்னு சொன்னாங்க. சின்னவன் இப்ப பத்தாவது படிக்கிறான்.

என் மாமா கதையும் இதேதான். 22 வருஷம் டேனரி வேலை. முதல்ல சுண்ணாம்புக் குழி, அப்புறம் டிரம் பக்கம். கால்ல ஒரு வெடிப்பு வந்து புண்ணாச்சு. "சுண்ணாம்புத் தண்ணியில நின்னா அப்படித்தான்டா இருக்கும்"னு தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டே ரெண்டு மாசம் ஓட்டினார். வலியே இல்லைன்னு பெருமையா வேற சொன்னார். வலி இல்லாததுதான் ஆபத்துன்னு எங்க யாருக்கும் தெரியல. சுகர் வருஷக்கணக்கா ஏறிக் கிடந்து கால் நரம்பு மரத்துப் போயிருந்தது. ரெண்டு விரல் எடுக்க வேண்டியதாச்சு. அவர் வாழ்க்கையில முதல் சுகர் டெஸ்ட் அன்னைக்குத்தான் எடுத்தாங்க.

நாலு மாசம் வேலை இல்லை. அப்ப சம்பளம் 14,000. ஆக 56,000 ரூபாய் வருமானம் போச்சு. அத்தையோட வளையல் அடகுக்குப் போச்சு. இதுல எனக்கு இன்னும் ஆறாத விஷயம் என்னன்னா, அந்த 22 வருஷத்துல பல வருஷம் அவர் சம்பளத்துல இஎஸ்ஐ பிடிச்சிருக்காங்க. மாமாவுக்கு அது ஏதோ "பிஎஃப் மாதிரி ஒரு பிடித்தம்". கார்டு எங்க இருக்குன்னே தெரியாது.

அதனால இன்னைக்கு ரத்தப் பரிசோதனையைப் பத்திப் பேசும்போது, சம்பள ஸ்லிப்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்க ஏற்கெனவே எவ்வளவு கட்டியிருக்கீங்க?

2019 ஜூலையில இருந்து இஎஸ்ஐ விகிதம் இதுதான்: உங்க சம்பளத்துல 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குறவங்க இதுக்குள்ள வருவாங்க.

14,000 சம்பளம்னா உங்க பங்கு 105 ரூபாய். கம்பெனி கட்டுறது 455. மொத்தம் மாசம் 560, வருஷத்துக்கு 6,720 ரூபாய். சம்பளம் அப்படியே இருக்குன்னு வெச்சாலும் பத்து வருஷத்துல 67,200. கம்பெனி பங்கை "அது அவங்க காசு"ன்னு விட்டுடாதீங்க. உங்களை வேலைக்கு வெச்சதால உங்க பேர்ல கட்டுற காசு அது.

இவ்வளவு கட்டியாச்சு. அதுக்கு அப்புறம் பஜார்ல ஒரு லேப் பேனரைப் பாத்துட்டு "80 டெஸ்ட் வெறும் 1,999"னு போய் தனியா காசு குடுக்கிறோம், இல்லைன்னா காசு இல்லைன்னு டெஸ்ட்டே எடுக்காம விட்டுடுறோம். ரெண்டும் நஷ்டம்தான்.

இஎஸ்ஐ-ல உங்களுக்கு மட்டும் இல்ல, மனைவி அல்லது கணவர், பிள்ளைங்க, உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு. உங்களுக்குன்னு ஒதுக்கின இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போய் டாக்டரைப் பாத்தா அவர் டெஸ்ட் எழுதுவார். அங்க பண்ண முடியாததை மேல அனுப்புவாங்க. வேலூர்லயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கு. கூட்டம் இருக்கும், காத்திருக்கணும், ஒரே நாள்ல எல்லாம் முடியாம ரெண்டு தடவை அலைய வேண்டியும் வரலாம். அதை நான் மறைக்கல. ஆனா அந்தக் கதவைத் தட்டாமலேயே "அங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க"ன்னு சொல்றவங்கதான் அதிகம்.

போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. ஹெச்ஆர்கிட்ட உங்க ஐபி நம்பரைக் கேட்டு வாங்குங்க. இ-பெஹ்சான் கார்டுன்னு ஒரு பேப்பர் இருக்கும், அதுல குடும்பத்துல எல்லார் பேரும் ஏறியிருக்கான்னு பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி சேந்திருப்பீங்க, மனைவி பேரு ஏறியிருக்கவே இருக்காது. அது ரொம்ப சகஜம். கான்ட்ராக்டர் மூலமா வேலை பாக்கிறீங்கன்னா இன்னும் கவனம். ஸ்லிப்ல பிடிச்சுட்டு கட்டாம விட்ட கதையும் உண்டு. இஎஸ்ஐ வெப்சைட்ல ஐபி நம்பரைப் போட்டா எத்தனை நாளுக்குக் கட்டியிருக்காங்கன்னு தெரியும். கான்ட்ராக்டர் கட்டலைன்னா முதன்மை கம்பெனிதான் கட்டணும்னு சட்டம் சொல்லுது.

இன்னொண்ணு, மாமா இழந்தது. உடம்பு முடியாம லீவு போட்டா இஎஸ்ஐ மருத்துவச் சான்றிதழ் மூலமா சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை பணமாவே கிடைக்கும். அதுக்கு ஆறு மாசக் கணக்குல குறைஞ்சது 78 நாள் சந்தா கட்டியிருக்கணும். மாமாவுக்கு 30,000 ரூபாய்க்குப் பக்கத்துல வந்திருக்கும். யாரும் சொல்லல, அவரும் கேக்கல.

சரி, எந்த டெஸ்ட்?

"80 டெஸ்ட்"ங்கிறதை முதல்ல உடைச்சுப் பாப்போம். சிபிசின்னு ஒரே ஒரு ரத்தக்குழாய் எடுத்தா மெஷின் 20-க்கும் மேல அளவு குடுக்கும். லேப்காரர் அதை 20 டெஸ்ட்னு எண்ணுவார். லிவர் டெஸ்ட்ல பத்து வரி, கொழுப்புல ஏழெட்டு வரி. இப்படிக் கூட்டினா 80 ஆயிடும். உண்மையில அது ஆறேழு டெஸ்ட்தான்.

அதிகமா எடுத்தா நல்லதுதானேன்னு தோணும். இங்க ஒரு கணக்கு இருக்கு. ரிப்போர்ட்ல "நார்மல்"னு போட்டிருக்கிற அளவு பெரும்பாலும் எப்படி வெச்சிருக்காங்கன்னா, ஆரோக்கியமா இருக்கிற 100 பேர்ல 95 பேர் அதுக்குள்ள வர்ற மாதிரி. அதாவது ஒரு குறையும் இல்லாத 5 பேர் வெளிய நிப்பாங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத 20 அளவு எடுத்தா, நல்லா இருக்கிற ஆளுக்கே ஏதாவது ஒண்ணு தடிச்ச எழுத்துல வர்றதுக்கு 64 சதவீதம் வாய்ப்பு. மூணுல ரெண்டு பேரு! அப்புறம் அந்த ஒரு வரிக்காக ஸ்கேன், ஸ்பெஷலிஸ்ட், இன்னொரு டெஸ்ட். பேக்கேஜ் 1,999-லதான் ஆரம்பிக்கும், அங்கேயே முடியாது.

அறிகுறி எதுவும் இல்லாத, 30 வயசு தாண்டின ஒருத்தருக்கு நான் முக்கியம்னு நினைக்கிறது இவ்வளவுதான். பிபி, எடை, இடுப்புச் சுத்தளவு. ரத்தத்துல சுகர். கொழுப்பு. கிட்னிக்கு கிரியாட்டினின், கூடவே யூரின்ல புரதம் போகுதான்னு ஒரு டெஸ்ட். ஹீமோகுளோபின் பாக்க சிபிசி. பெண்களுக்கு கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை. எல்லாருக்கும் வாயைத் திறந்து ஒரு தடவை பாக்கணும், ஹான்ஸ், பான் பழக்கம் இருந்தா கண்டிப்பா. மத்ததெல்லாம் டாக்டர் காரணம் சொன்னா எடுக்கலாம். குறிப்பா "ட்யூமர் மார்க்கர்" பேக்கேஜை நீங்களா போய் எடுக்காதீங்க.

பிபி பாக்க ஊசி கூட கிடையாது, ரெண்டு நிமிஷம். ஆனா வரிசையில முந்தி அடிச்சுப் போய், மூச்சு வாங்க உக்காந்து, டீ குடிச்ச கையோட பாத்தா ஏத்தமாத்தான் காட்டும். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டுப் பாருங்க.

சுகர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். வெறும் வயித்துல பாக்கிறது 100-க்குக் கீழ இருந்தா நல்லது, 100-ல இருந்து 125 வரை எல்லைக்கோடு, 126-ம் அதுக்கு மேலயும் இருந்தா இன்னொரு தடவை பாத்து உறுதி பண்ணுவாங்க. ஹெச்பிஏ1சின்னு இன்னொண்ணு. கடைசி ரெண்டு மூணு மாசச் சராசரியைச் சொல்லும். 5.7-க்குக் கீழ நல்லது, 6.5-ம் மேலயும் சுகர் நோய். இடையில இருந்தா இப்பவே கவனிக்க வேண்டிய கட்டம். 2023-ல வெளியான ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வுப்படி நாட்டுல 10 கோடிப் பேருக்குச் சுகர், எல்லைக்கோட்டுல 13 கோடிக்கும் மேல. அந்த 13 கோடியில நீங்க இருந்தா அதிர்ஷ்டம்னுதான் சொல்வேன், ஏன்னா மாத்திரைக்குப் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டீங்க.

ஹெச்பிஏ1சி-ல நமக்கு ஒரு வசதி இருக்கு: வெறும் வயித்துல போகணும்னு இல்ல. சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம் லேப் வாசல்ல உக்காரவும் வேண்டாம். ஷிப்ட் முடிஞ்சு சாயங்காலம் கூட ரத்தம் குடுக்கலாம். 14,000-ஐ 26 நாளுக்கு வகுத்தா ஒரு நாள் கூலி 538 ரூபாய். பல டெஸ்ட்டுகளோட உண்மையான விலை அந்த அரை நாள், ஒரு நாள் லீவுதான். அதை மிச்சம் பண்ற டெஸ்ட் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

ஆனா ஒரு எச்சரிக்கை. ரத்தசோகை இருந்தா ஹெச்பிஏ1சி தப்பாக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவுல நிஜத்தை விட ஏத்தமா வரும். ஸ்டிச்சிங் லைன்ல உக்காந்திருக்கிறவங்க பெரும்பாலும் பெண்கள். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குல, தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கும் மேல ரத்தசோகைதான். அதனால சிபிசியும் சேத்து எடுங்க. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ, ஆண்களுக்கு 13-க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. "எப்பவும் அசதியா இருக்கு, வேலை அப்படி"ன்னு நாம தள்ளிவிடுறதுல பாதி இங்கதான் ஒளிஞ்சிருக்கும். இதுக்கு மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.

கொழுப்பு டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ஞாயித்துக்கிழமையா இருந்தா நம்ம ஊர்ல என்ன நடக்கும்னு சொல்லத் தேவையில்லை. பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் ராத்திரி பத்து மணிக்கு உள்ள போயிட்டு, காலையில ஏழு மணிக்கு ரத்தம் குடுத்தா ட்ரைகிளிசரைடு எகிறும். ராத்திரி எட்டு மணிக்குள்ள வழக்கமான சாப்பாடு, அப்புறம் வெறும் தண்ணி, போதும். ரமலான் நோன்பு வைக்கிறவங்க, சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்களா இருந்தா, ஒன்றரை ரெண்டு மாசம் முன்னாடியே டெஸ்ட் எடுத்து டாக்டரைப் பாத்துடுங்க. நோன்பு நேரத்துல மாத்திரையை எப்படி மாத்திப் போடணும்னு அவர் சொல்லணும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கூடாது.

தோல் வேலைக்குன்னு ஒரு விஷயம்

எந்த மாஸ்டர் செக்கப் பேக்கேஜும் நீங்க எந்த செக்‌ஷன்ல வேலை பாக்கிறீங்கன்னு கேக்காது. நம்ம பக்கத்துல அதுதான் முதல் கேள்வியா இருக்கணும். டேனரியில குரோம் உப்பு, சுண்ணாம்பு, சல்பைடு படும். தோல்ல ஆறாத சின்னச் சின்னப் புண், அரிப்பு, மூக்குல எரிச்சல், இழுப்பு வரலாம். ஷூ கம்பெனியில பேஸ்ட்டிங் வேலையில பசையோட வாசனையை நாள் முழுக்க இழுக்கிறவங்களுக்குத் தலைவலி, தலைசுத்தல் வரலாம். சில கரைப்பான்கள் நரம்பைத் தாக்கிக் கை கால் மரத்துப்போக வைக்கும். பென்சீன் கலந்திருந்தா ரத்த அணுக்களையே குறைக்கும். இதுல சிபிசி கொஞ்சம் கண்டுபிடிக்கும். மத்ததுக்கு டாக்டர் கண்ணால தோலைப் பாக்கணும், ஊதச் சொல்லி நுரையீரல் டெஸ்ட் எடுக்கணும், கால்ல உணர்ச்சி இருக்கான்னு தொட்டுப் பாக்கணும். "நான் டிரம்ல வேலை பாக்கிறேன்", "நான் பசை தடவுறேன்"னு நீங்களா வாயைத் திறந்து சொல்லுங்க. மாமா புண்ணைக் காட்டினப்ப இதைச் சொன்னார். சுகர் பாத்ததில்லைன்னு சொல்லல.

சட்டத்திலயும் இதுக்கு இடம் இருக்கு. 1948 தொழிற்சாலைகள் சட்டம் தோல் பதனிடும் தொழிலை ஆபத்தான செயல்முறைகள் பட்டியல்ல வெச்சிருந்தது. அந்த வேலையில இருக்கிறவங்களுக்கு 12 மாசத்துக்கு மேல இடைவெளி விடாம மருத்துவப் பரிசோதனை, அந்தப் பதிவைத் தொழிலாளி பாக்கிற உரிமை எல்லாம் அதுல உண்டு. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்ல, 40 வயசு தாண்டின தொழிலாளர்களுக்கு முதலாளி வருஷம் ஒரு தடவை இலவசப் பரிசோதனை பண்ணணும்னு வந்திருக்கு. கம்பெனியில கேம்ப் போட்டா, கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்துடாதீங்க. ரிப்போர்ட் காப்பி கேட்டு வாங்குங்க. வெளிநாட்டு பையர் ஆடிட் வரும்போது அந்த ஃபைல் மேஜைக்கு வருது, உங்க கைக்கும் வரலாமே!

இஎஸ்ஐ இல்லாதவங்க

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் வீட்ல உக்காந்து ஷூ மேல்பாகம் கையால தைக்கிற பெண்கள் ஏராளம். ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. அவங்களுக்குப் பெரும்பாலும் ஸ்லிப்பும் கிடையாது, இஎஸ்ஐயும் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி, சுகர், ஹீமோகுளோபின் இலவசமாப் பாக்கலாம். 30 வயசு தாண்டினவங்களுக்குச் சுகர், பிபியோட வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அரசுத் திட்டத்துல சேந்ததுதான். 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பாக்கிறாங்க. மாத்திரையும் வீட்டுக்கே வரும். தெருவுக்கு வர்ற அந்த அக்காவை "அப்புறம் வாங்க"ன்னு திருப்பி அனுப்பாதீங்க. பெரிய பரிசோதனை வேணும்னா அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. சிஎம்சியிலயும் குறைஞ்ச செலவுல நகரத்து ஏழைகளைப் பாக்கிறதுக்குன்னே எல்சிஇசியு-ன்னு தனிப் பிரிவு வெச்சிருக்காங்க.

21,000 தாண்டின சூப்பர்வைசர்களுக்கு

சம்பளம் 21,000 தாண்டினா உடனே அன்னைக்கே இஎஸ்ஐ நின்னுடாது. ஏப்ரல் - செப்டம்பர், அக்டோபர் - மார்ச்னு ரெண்டு கட்டம். நடுவுல தாண்டினா அந்தக் கட்டம் முடியுற வரை தொடரும். அதுக்குள்ள தனி ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்துடணும்.

இங்க ஒரு தப்பான ஐடியா ஊர்ல சுத்துது. "டெஸ்ட் எடுத்தா சுகர்னு தெரிஞ்சுடும், பாலிசி குடுக்க மாட்டான், அதனால பாலிசி எடுத்துட்டு அப்புறம் டெஸ்ட் எடு." கேக்கப் புத்திசாலித்தனமா இருக்கும். தெரியாம இருக்கிற ஒவ்வொரு வருஷமும் கிட்னியும் கண்ணும் கணக்கு எழுதிட்டே இருக்கும்ங்கிறதை அதுல சேக்கல. தெரிஞ்சும் மறைச்சா இன்னும் மோசம், க்ளெய்ம் நேரத்துல பழைய மருந்துச் சீட்டு ஒண்ணு போதும். 2024-ல வந்த ஐஆர்டிஏஐ விதிப்படி ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 வருஷம்தான், முன்னாடி 4. அஞ்சு வருஷம் தொடர்ந்து கட்டிட்டா, மோசடின்னு நிரூபிச்சா ஒழிய, சொல்லலைன்னு காரணம் காட்டி மறுக்க முடியாது. உள்ளதைச் சொல்லி எடுங்க, பிரீமியம் கொஞ்சம் கூடட்டும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி-யும் இல்ல. நிறைய பாலிசியில வருஷாந்திர செக்கப் இலவசமா இருக்கு, உங்க பாலிசிப் புத்தகத்துல அந்தப் பக்கத்தைத் தேடுங்க.

"80டி-ல 5,000 ரூபாய் வரி மிச்சம்"னு லேப் விளம்பரம் வரும். அது பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும், அதுவும் 25,000 வரம்புக்கு உள்ளதான். கழிவு 5,000, மிச்சமாகிறது உங்க வரி விகிதத்துக்கு ஏத்த சின்னத் தொகை. இதுக்கு மட்டும் ரொக்கமாக் கட்டினாலும் ஒத்துக்குவாங்க. புது முறையில 12 லட்சம் வரை வரியே கட்டாத ஆளுக்கு இதுல ஒண்ணும் கிடையாது.

ரிப்போர்ட் வந்த பிறகு

இங்கதான் பல பேர் நின்னுடுறாங்க. ரிப்போர்ட்டை வாட்ஸப்ல வாங்கி, தடிச்ச எழுத்து இருக்கான்னு பாத்துட்டு, போனை மூடிடுறது. வருஷா வருஷம் முடிஞ்ச வரை ஒரே லேப்ல எடுங்க. பேப்பரைத் தேதி வாரியா ஒரு ஃபைல்ல போடுங்க. ஹெச்பிஏ1சி போன வருஷம் 5.6, இந்த வருஷம் 5.9ங்கிறது, "எல்லாம் கிட்டத்தட்ட நார்மல்தான்"ங்கிற வார்த்தையை விட நிறையச் சொல்லும். ஒரு அளவு தாறுமாறா வந்தா மாத்திரைக்கு ஓடுறதுக்கு முன்னாடி திரும்ப ஒரு தடவை எடுங்க. எனக்கே ஒரு லேப்ல கிரியாட்டினின் 2.1னு வந்து ராத்திரி முழுக்கத் தூங்கல. மறுநாள் வேற இடத்துல 0.9. பேர் மாறிப்போச்சுன்னு அப்புறம் தெரிஞ்சுது. அந்த 2.1 யாரோடதுன்னு நினைச்சாத்தான் இப்பவும் கஷ்டமா இருக்கு. லேப்ல நான் சண்டை போட்டதே அந்த ஆளைத் தேடிச் சொல்லுங்கன்னுதான்.

மாமா இப்ப டேனரிக்குப் போறதில்லை, ஒரு குடோன்ல வாட்ச்மேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை இஎஸ்ஐ-ல மாத்திரை வாங்குறார், கூடவே அத்தைக்கும் டெஸ்ட் எழுதச் சொல்லிக் கேக்கிறார். போன தடவை அத்தைக்கு ஹீமோகுளோபின் 9.2 வந்துச்சு. முப்பது வருஷமா "எனக்கு என்னடா, நான் நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லிட்டு இருந்தவங்க.